இதயத்தின் மேற்பரப்புப் பள்ளங்கள்: தமனிகளின் முகவரி, அறுவையின் எல்லைக்கோடு

ஆஞ்சியோகிராம் அறிக்கையைக் கையில் வாங்கியதும் கண்ணில் படுவது சுருக்கெழுத்துகள்தாம். எல்ஏடி, எல்சிஎக்ஸ் (இடது சர்க்கம்ஃப்ளெக்ஸ், அதாவது இடப்புறம் சுற்றி ஓடும் தமனி), ஆர்சிஏ (வலது கரோனரி), பிடிஏ. எல்லாம் இதயத் தசைக்கே இரத்தம் ஊட்டும் கரோனரி தமனிகள். பக்கத்திலேயே 70, 90 என்று அடைப்பின் விழுக்காடு. ஒன்றில் அடைப்பு என்றால் மருத்துவர் ஏன் அவசரப்படுகிறார், இன்னொன்றில் அதே அளவு அடைப்பு இருந்தும் ஏன் மாத்திரையோடு அனுப்புகிறார் என்பது பலருக்கும் புரிவதில்லை. இந்தப் பெயர்கள் ஒருவகையில் முகவரிகள். இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பள்ளங்களில் எந்தப் பள்ளத்தில் எந்தத் தமனி படுத்திருக்கிறது என்பதை அறிந்தால் பாதி அறிக்கை விளங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். வெளியே தெரியும் ஒவ்வொரு பள்ளமும் உள்ளே இருக்கும் ஒரு சுவரின் அல்லது வால்வு வளையத்தின் கோடு. அதனால் உள்ளே வேலை செய்பவரின் ஊசி, வெளியே ஓடும் தமனிக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில்தான் எப்போதும் இருக்கிறது. இதய அறுவையிலும், கதீட்டர் எனும் மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே செலுத்தும் சிகிச்சையிலும் நேரும் மிக மோசமான விபத்துகள் சில இந்தச் சில மில்லிமீட்டரில்தான் நடக்கின்றன.

## பள்ளம் எப்படி உண்டாகிறது, அதில் என்ன இருக்கிறது

இதயத்துக்கு நான்கு அறைகள். மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு. பாடநூல்களில் ஆரிக்கிள், வெண்ட்ரிக்கிள் என்று படித்தவை இவைதாம். கருவில் ஒரே குழாயாக இருந்த இதயம் வளைந்து, மடிந்து, அறைகளாகப் புடைக்கும்போது, புடைக்காத இடங்கள் இடுக்குகளாக நின்றுவிடுகின்றன. அந்த இடுக்குகளே பள்ளங்கள். மருத்துவர்கள் சல்கஸ் என்றோ குரூவ் என்றோ சொல்வது இவற்றைத்தான்.

உயிருள்ள இதயத்தைத் திறந்து பார்த்தால் பள்ளம் பள்ளமாகத் தெரியாது. மஞ்சள் கொழுப்பு அதை நிரப்பி, மேலே இதய உறையின் உள்ளடுக்கு வழவழப்பாக மூடியிருக்கும். அந்தக் கொழுப்புக்குள் புதைந்திருப்பவை:

1. கரோனரி தமனிகளின் பெரிய கிளைகள்
2. அவற்றோடு ஓடும் சிரைகள்
3. நிணநீர் நாளங்கள்
4. தன்னியக்க நரம்புகளும் அவற்றின் முடிச்சுகளும்

தமனிகள் ஏன் பள்ளத்தைத் தேடிப் படுக்கின்றன? கீழறைத் தசை சுருங்கும்போது அதனுள் இருக்கும் குழாய் நசுங்கும். பள்ளத்துக் கொழுப்பில் இருக்கும் குழாய் நசுங்காது. இந்த ஏற்பாட்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

முக்கியப் பள்ளங்கள் ஐந்து:

1. கரோனரி பள்ளம். ஏவி பள்ளம் என்பதும் இதுவே. ஏவி என்றால் ஏட்ரியோவெண்ட்ரிக்குலர், அதாவது மேலறை-கீழறை. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே இதயத்தைச் சுற்றி வருகிறது. முன்புறத்தில் நுரையீரல் தமனியின் அடிப்பகுதி குறுக்கிடுவதால் அங்கே மட்டும் அறுந்திருக்கும்.
2. முன் கீழறையிடைப் பள்ளம். இரு கீழறைகளுக்கும் நடுவிலான சுவரின் முன் விளிம்பு.
3. பின் கீழறையிடைப் பள்ளம். அதே சுவரின் பின் விளிம்பு. முன்னதும் இதுவும் இதய நுனிக்குச் சற்று வலப்புறத்தில் ஒரு சிறு வெட்டுவாயில் கூடுகின்றன.
4. எல்லைப் பள்ளம். சல்கஸ் டெர்மினாலிஸ். வலது மேலறையின் மேல், மேற்பெருஞ்சிரை நுழையும் இடத்திலிருந்து கீழ்ப்பெருஞ்சிரை நோக்கி இறங்குவது.
5. மேலறையிடைப் பள்ளம். இரு மேலறைகளுக்கும் நடுவே, வலது நுரையீரல் சிரைகளுக்கு முன்னால் இருப்பது.

ஏவி பள்ளமும், மேலறையிடைப் பள்ளமும், பின் கீழறையிடைப் பள்ளமும் பின்புறத்தில் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. நான்கு அறைகளும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சந்திக்கு க்ரக்ஸ் என்று பெயர்.

## முன், பின் என்ற பெயர்களில் உள்ள சிக்கல்

இந்தப் பெயர்களை வைத்தவர்கள் இதயத்தை உடலிலிருந்து எடுத்து, நுனி கீழே இருக்கும்படி மேசையில் நிறுத்திப் பார்த்தார்கள். உடலுக்குள் இதயம் அப்படி நிற்பதில்லை. உதரவிதானத்தின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. ஆகவே "பின்" கீழறையிடைப் பள்ளம் உண்மையில் கீழே, உதரவிதானத்தைத் தொட்டபடி இருக்கிறது. அதில் ஓடும் தமனி அடைபட்டால் ஈசிஜியில் மாற்றம் காட்டுபவை கீழ்ப்புறத்தைப் பார்க்கும் 2, 3, ஏவிஎஃப் லீடுகள், அதாவது ஈசிஜியின் பார்வைக் கோணங்கள். "பின் தமனி அடைப்பு, கீழ்ப்புற மாரடைப்பு" என்று அறிக்கையில் வருவது எழுத்துப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள். பிழை பழைய பெயரில் இருக்கிறது.

ஏவி பள்ளமும் அப்படித்தான். படங்களில் கிடைக்கோடாக வரையப்படும் அது, உடலில் ஏறத்தாழ செங்குத்தாக நிற்கிறது. கதீட்டர் அறையில் இதைத் தெரிந்து பயன்படுத்துகிறார்கள். எக்ஸ்ரே கருவியை வலது முன் சாய்வில் 30 டிகிரிக்குத் திருப்பினால் ஏவி பள்ளம் பக்கவாட்டில் தெரியும். அதிலுள்ள கொழுப்பு, தசையைவிட வெளிறிய ஒரு பட்டையாகத் திரையில் துடிப்பதைக் காணலாம். சாயம் செலுத்தாமலேயே மேலறை எங்கே முடிகிறது, கீழறை எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பட்டை காட்டிவிடும். இடது முன் சாய்வில் 45 டிகிரி அளவுக்குத் திருப்பினால் வால்வு வளையங்கள் கடிகார முகம்போல எதிரே தெரியும். "3 மணி இடத்தில் வைத்தோம்" என்று குறிப்பு எழுதுவது இதைக் கொண்டுதான்.

## முன் கீழறையிடைப் பள்ளம்

இதில் கீழ்நோக்கி ஓடுவது எல்ஏடி. இடது முன் இறங்கு தமனி என்பதன் சுருக்கம். அதன் பக்கத்திலேயே பெரிய இதயச் சிரை மேல்நோக்கி ஏறுகிறது. பெரும்பாலோரில் எல்ஏடி நுனியைச் சுற்றிக்கொண்டு பின் பள்ளத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் போகும்.

எல்ஏடி அடைப்பு என்றால் பதற்றம் வருவதற்குக் காரணம், அது ஊட்டும் பரப்பு. இடது கீழறையின் முன்சுவர், நுனி, இடைச்சுவரின் முன் மூன்றில் இரண்டு பங்கு ஆகியவை அதன் பொறுப்பு. இடைச்சுவருக்குள்தான் மின்கடத்தும் கிளைகள் இறங்குகின்றன. தொடக்கத்திலேயே அடைபட்டால் பெருந்தசை இழப்பும் கடத்தல் கோளாறும் சேர்ந்தே வரும். ஈசிஜியில் வி1 முதல் வி4 வரையிலான லீடுகள் மாறும். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் முதன்முதலாகப் பலூன் வைத்து விரித்த கரோனரி தமனியும் எல்ஏடிதான்.

மேலே சொன்ன விதிவிலக்கு இந்தப் பள்ளத்தில்தான் அதிகம். எல்ஏடியின் நடுப்பகுதி சிலரில் கொழுப்பைவிட்டுத் தசைக்குள் மூழ்கி, பிறகு மீண்டும் வெளியே வரும். மேலே பாலம்போலக் கிடக்கும் தசையால் இதைத் தசைப்பாலம் என்கிறார்கள். சுருங்கும்போது நசுங்கி, தளரும்போது விரிவது ஆஞ்சியோகிராமில் பால் கறப்பதுபோலத் தெரியும். பெரும்பாலானோருக்கு இதனால் தொல்லை இல்லை. கரோனரி ஓட்டத்தின் பெரும்பகுதி இதயம் தளரும்போதுதான் நடக்கிறது என்பது காரணம். துடிப்பு வேகமானால் தளரும் நேரம் குறையும், வலி வரலாம். நடைமுறையில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டியவை:

1. துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் முதல் மருந்து. வழக்கமாக நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரேட் இங்கே நசுக்கலைக் கூட்டிவிடலாம்.
2. கொழுப்புப் படிவு பாலத்துக்கு முந்திய பகுதியில் உண்டாகும். பாலத்துக்கு அடியில் உள்ள பகுதி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும்.
3. பாலத்துக்குள் ஸ்டென்ட் வைத்தால் அது துடிப்புதோறும் நசுங்கி உடையும் அபாயமும், வைக்கும்போதே தமனி கிழியும் அபாயமும் உண்டு.

பைபாஸ் அறுவையிலும் இந்த மூழ்கிய தமனி தொல்லை தரும். பள்ளத்தைத் திறந்தால் தமனி இருக்காது. அப்போது நுனிக்கு அருகே வெளியே தெரியும் இடத்தில் பிடித்து, அங்கிருந்து மேல்நோக்கித் தேடிப் போவார்கள். வலப்புறம் விலகினால் வலது கீழறையின் குழிக்குள் கத்தி இறங்கிவிடும், ஏனென்றால் அந்தச் சுவர் மெல்லியது. பக்கத்தில் ஓடும் சிரையைத் தமனி என்று தவறாக எண்ணி அதில் ஒட்டுக்குழாயைத் தைத்துவிட்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

கத்திக்குத்தில் இந்தப் பள்ளத்தை ஒட்டிக் காயம் விழுந்தால் தையல் போடும் முறையே மாறும். காயத்தின் மேலாகச் சாதாரணமாகத் தைத்தால் எல்ஏடி தையலுக்குள் சிக்கி அடைபடும். ஊசியைத் தமனிக்கு அடியில் ஆழமாகச் செலுத்தி, இருபுறமும் துணித்துண்டு வைத்து மெத்தைத் தையலாக முடிய வேண்டும். இரத்தம் நிற்கும், தமனியும் திறந்திருக்கும்.

ஃபேலோ நான்மை எனும், நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 5 பேருக்கு எல்ஏடி வலது கரோனரியிலிருந்து பிறந்து, வலது கீழறையின் வெளியேறு பாதையைக் குறுக்காகக் கடந்தே பள்ளத்தை அடைகிறது. அறுவையில் வழக்கமாகக் கீறும் இடமே அதுதான். அதனால் கத்தி வைப்பதற்கு முன் கரோனரிகள் எப்படி ஓடுகின்றன என்று எக்கோவிலோ சிடியிலோ உறுதி செய்துகொள்கிறார்கள்.

## பின் பள்ளமும் க்ரக்ஸ் சந்தியும்

பின் பள்ளத்தில் பிடிஏ எனும் பின் இறங்கு தமனியும் நடு இதயச் சிரையும் ஓடுகின்றன. இங்கே முக்கியக் கேள்வி ஒன்றுதான்: பிடிஏ எதிலிருந்து பிறக்கிறது? வலது கரோனரியிலிருந்து வந்தால் வலது மேலோங்கல், இடது சர்க்கம்ஃப்ளெக்ஸிலிருந்து வந்தால் இடது மேலோங்கல். வலதுதான் பெரும்பான்மை, 100க்கு 80 பேருக்கு மேல். இடது 10 பேருக்குள். மற்றவர்களில் இரண்டும் பங்கிடும். அறிக்கையில் "ரைட் டாமினன்ட்" என்று எழுதுவது நோயின் பெயர் என்று எண்ணி அஞ்சுபவர்கள் உண்டு. அது பிறவி அமைப்பின் குறிப்பு, அவ்வளவே. ஆனால் இடது மேலோங்கல் உள்ளவருக்கு, எல்ஏடியும் சர்க்கம்ஃப்ளெக்ஸும் பிரியும் இடது முதன்மைத் தமனி அடைபட்டால் இடது கீழறை முழுவதுமே ஊட்டம் இழக்கும் என்பதால் அந்தக் குறிப்புக்கு எடை உண்டு.

க்ரக்ஸ் சந்தியில் மேலோங்கும் தமனி உள்நோக்கி ஒரு வளைவு போடும். அதன் உச்சியிலிருந்து ஏவி கணுவுக்கான சிறு தமனி பிறக்கிறது. மேலறையின் மின்துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் ஒரே இயல்பான வாயில் அந்தக் கணு. ஆகவே வலது கரோனரி அடைப்பால் வரும் கீழ்ப்புற மாரடைப்பில் துடிப்பு மந்தமாவதும், இதய அடைப்பு எனப்படும் கடத்தல் தடை வருவதும் வழக்கம். இது பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடும், தற்காலிகப் பேஸ்மேக்கர் போதும். முன்புற மாரடைப்பில் வரும் கடத்தல் தடை வேறு கதை. அங்கே இடைச்சுவர்த் தசையே கிளைகளோடு சேர்ந்து அழிந்திருக்கும். இரண்டுக்கும் ஈசிஜியில் ஒரே பெயர் வரலாம், பின்விளைவு ஒன்றாக இருக்காது.

## ஏவி பள்ளம்: மின்சுவரும் அதில் விழும் ஓட்டைகளும்

ஐந்தில் இதுவே அதிகச் சிக்கலானது. முதலில் மின் விவகாரம்.

மேலறைத் தசையும் கீழறைத் தசையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பிரிந்திருக்க வேண்டும். வால்வு வளையங்களின் நாரிழையும் ஏவி பள்ளத்தின் கொழுப்பும்தான் அந்தக் காப்பு. ஏவி கணு வழியாக மட்டும் மின்துடிப்பு இறங்கும், அதுவும் 0.1 நொடி அளவு தாமதித்து. சிலருக்குப் பிறவியிலேயே மெல்லிய தசைநார் ஒன்று இந்தப் பள்ளத்தைக் கடந்து மேலறையையும் கீழறையையும் இணைத்துவிடுகிறது. 1930ல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் மூவரும் விவரித்த கோளாறு இதனால் வருவது.

ஈசிஜியில் அடையாளம் இரண்டு: மேலறைத் துடிப்பின் தொடக்கத்திலிருந்து கீழறைத் துடிப்பின் தொடக்கம் வரையிலான பிஆர் இடைவெளி 0.12 நொடிக்குக் குறைவு, கீழறைத் துடிப்பைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் தொடக்கத்தில் சரிவான டெல்டா அலை. இந்தத் தசைநார், அதாவது துணைப்பாதை, பள்ளத்தின் எந்த இடத்திலும் இருக்கலாம். இடது வெளிச்சுவரில்தான் அதிகம், பாதிக்கும் மேல். அடுத்தது க்ரக்ஸை ஒட்டிய பின் இடைச்சுவர்ப் பகுதி. மகாதமனியும், இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவிலான ஈரிதழ் வால்வும் நாரிழையால் ஒட்டியிருக்கும் பகுதியில் தசையே இல்லாததால் அங்கே துணைப்பாதை காண்பது மிக அரிது.

இங்கே நடக்கக்கூடிய பெருந்தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துணைப்பாதை உள்ளவருக்கு மேலறை நடுக்கத் துடிப்பு வந்தால், கட்டுப்பாடில்லாத துடிப்புகள் அந்தப் பாதை வழியே கீழறைக்குக் கொட்டும். ஈசிஜி அகலமாக, ஒழுங்கற்று, மிக வேகமாக இருக்கும். அந்நேரத்தில் வெரப்பமில், டில்டியாசெம், டிகாக்சின் போன்ற மருந்துகளைத் தந்தால் ஏவி கணு மூடும், துணைப்பாதை மட்டும் திறந்திருக்கும், கீழறை நடுக்கத்தில் போய் உயிர் போகலாம். புரோக்கைனமைடு தருவது அல்லது மின்னதிர்ச்சி கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவருவதே சரியான வழி.

1968ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வில் சீலி குழுவினர் நெஞ்சைத் திறந்து, பள்ளத்தின் வழியே இறங்கி இத்தகைய பாதையை வெட்டினார்கள். இன்று தொடைச் சிரை வழியே போகும் கதீட்டர் முனையின் வெப்பத்தால் சுட்டுவிடுகிறார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலிக்கிறது. பாதை எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடுவதற்கும் பள்ளமே உதவுகிறது. இடது பள்ளத்தில் கிடக்கும் கரோனரி சைனஸ் எனும் அகன்ற சிரைக்குள் பல மின்முனைகள் கொண்ட கதீட்டரைப் படுக்கவைத்தால், ஈரிதழ் வளையத்தின் நீளத்தில் எந்த முனையில் துடிப்பு முதலில் எட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

## ஏவி பள்ளம்: வால்வு வளையமும் தமனியும்

வலப்புறப் பள்ளத்தில் வலது கரோனரியும் சிறிய இதயச் சிரையும். உள்ளே அதற்கு நேர், வலது மேலறைக்கும் வலது கீழறைக்கும் நடுவிலான மூவிதழ் வால்வின் வளையம். வளையத்தைச் சுருக்க வெளிச்சுவர்ப் பக்கம் ஆழமாகத் தையல் போட்டால் தமனி மடங்கி அடைபடும். வலது கரோனரி தொடக்கத்திலேயே அடைபட்டால் வலது கீழறைத் தசையும் போகும். கீழ்ப்புற மாரடைப்பு என்று தெரிந்ததும் வலது மார்பில் வி4ஆர் லீடு வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். அதில் எஸ்டி எனும் அலைப்பகுதி உயர்ந்திருந்தால் நைட்ரேட் தரக்கூடாது, இரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இடப்புறப் பள்ளம் இன்னும் நெருக்கமான இடம். முன்பகுதியில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி, பின்பகுதியில் கரோனரி சைனஸ், உள்ளே ஈரிதழ் வால்வின் வளையம். பள்ளத்தின் தொடக்கத்தை இடது மேலறையின் காதுமடல் மூடியிருக்கும். அந்த மடலை அடியோடு ஒட்டக் கட்டினாலோ கிளிப் போட்டாலோ கீழே கிடக்கும் சர்க்கம்ஃப்ளெக்ஸ் நெரிபடலாம்.

ஈரிதழ் வால்வு அறுவையில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் அகப்படும் அபாயம் மிகுந்த பகுதி, முன்பக்க இதழ்ச் சந்திப்பிலிருந்து பின் இதழின் நடுப்பகுதிவரை. இடது மேலோங்கல் உள்ளவர்களில் தமனி வளையத்துக்கு இன்னும் நெருங்கி ஓடும். தையல் தமனியைப் பிடித்துவிட்டால், இதய நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுவிக்கும்போது இடது கீழறையின் பக்கச்சுவர் அசையாது, ஈசிஜி மாறும், ஒழுங்கற்ற துடிப்பு வரும். உணவுக்குழாய் எக்கோவில் உடனே பார்த்து, அந்தத் தையலைப் பிரிப்பதோ, அந்தக் கிளைக்கு பைபாஸ் போடுவதோ, ஸ்டென்ட் வைப்பதோ அங்கேயே முடிவாக வேண்டும்.

அதைவிடக் கொடியது பள்ளக் கிழிவு. ஈரிதழ் வால்வை மாற்றிய பின், வளையமும் பள்ளமும் சேரும் இடத்தில் இடது கீழறையின் பின்சுவர் பிளந்து, இதயத்துக்குப் பின்னாலிருந்து செந்நிற இரத்தம் பீறிடும். மாற்று வால்வு அறுவைகளில் 100க்கு 1 என்ற அளவில் நிகழ்வது, நிகழ்ந்தால் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைப்பதில்லை. காரணங்கள் பெரும்பாலும் கையால் வருபவை:

1. வளையத்தில் படிந்த சுண்ணாம்பை முழுவதும் சுரண்டி எடுப்பது. பலமுறை அந்தச் சுண்ணாம்பேதான் பள்ளத்துக் கொழுப்புக்கும் குழிக்கும் நடுவே நிற்கும் சுவர்.
2. அளவுக்குப் பெரிய செயற்கை வால்வைத் திணிப்பது.
3. பின் இதழையும், அதைக் கீழறைச் சுவரோடு கட்டும் நாண்களையும் முழுமையாக வெட்டிவிடுவது. நாண்கள் போனால் பின்சுவர் தன் தாங்குகயிறுகளை இழக்கிறது.
4. வால்வு பொருத்திய பிறகு இதயத்தைக் கையால் தூக்குவது. விறைப்பான வளையம் உள்ளிருந்து நெம்புகோல்போலப் பின்சுவரைக் குத்தும்.

பின் இதழைக் காப்பாற்றி வைக்கும் பழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். கிழிந்துவிட்டால் வெளியிலிருந்து தைக்கப் பார்ப்பது வீண். கொழுப்பு தையலைத் தாங்காது, தமனியும் சைனஸும் தையலில் சிக்கும், இதயத்தைத் தூக்கியதால் கிழிவும் நீளும். மீண்டும் இயந்திரத்தில் ஏற்றி, இதயத்தை நிறுத்தி, வால்வைக் கழற்றி, உள்ளிருந்து ஒட்டுத்துண்டு வைத்து மூடுவதே ஏற்ற முறை.

## கரோனரி சைனஸ்

இதயத் தசையின் சிரை இரத்தத்தில் பெரும்பகுதியைத் திரட்டி வலது மேலறையில் விடும் அகன்ற சிரை இது. இடது பள்ளத்தின் பின்பகுதியில் சில சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. தமனிகள் காயப்படாமல் காக்க வேண்டியவை என்றால், சைனஸ் மருத்துவர்களுக்குத் திறந்திருக்கும் பின்வாசல்.

மறுஒத்திசைவுப் பேஸ்மேக்கர். இடது கீழறையின் பக்கச்சுவர் தாமதமாகச் சுருங்கும் இதயச் செயலிழப்பில், சைனஸ் வழியாகப் பக்கச் சிரை ஒன்றுக்குள் மின்கம்பியைச் செலுத்தி அந்தச் சுவரை வெளியிலிருந்தே தூண்டுகிறார்கள். சைனஸின் வாயிலில் உள்ள மடிப்பு தடுப்பது, சிரை மிகவும் மெலிதாக இருப்பது, அருகில் ஓடும் உதரவிதான நரம்பும் சேர்ந்து தூண்டப்பட்டு விக்கல்போல வயிறு துடிப்பது ஆகியவை வழக்கமான இடையூறுகள்.

பின்னோட்டக் கார்டியோபிளீஜியா. இதயத்தை நிறுத்திவைக்கும் கரைசலைத் தமனி வழியே அனுப்ப முடியாதபோது சைனஸ் வழியே எதிர்த்திசையில் அனுப்புகிறார்கள். அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தாண்டினால் மெல்லிய சைனஸ் சுவர் கிழியும். அழுத்தம் ஏறவே இல்லை என்றால் குழாய் நழுவியிருக்கிறது என்று பொருள். வலது கீழறையின் சிரைகள் பல சைனஸைத் தொடாமல் நேராக வலது அறைகளில் திறப்பதால், இந்த முறை மட்டும் வலது கீழறையைச் சரிவரக் காக்காது.

நிலைத்துவிட்ட இடது மேற்பெருஞ்சிரை. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு, கருவில் மறைய வேண்டிய இந்தச் சிரை மறையாமல் சைனஸில் வந்து சேர்கிறது. எக்கோவில் சைனஸ் வழக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தால் இதை நினைக்க வேண்டும். இடது கைச் சிரையில் குலுக்கிய உப்புநீரைச் செலுத்தினால் குமிழிகள் முதலில் சைனஸிலும் பிறகே வலது மேலறையிலும் தெரியும். தெரியாமல் பின்னோட்டக் கரைசலை விட்டால் அது தசைக்குப் போகாமல் அந்தச் சிரைக்குள் ஏறிவிடும். இடது தோள் வழியே பேஸ்மேக்கர் வைக்கும்போது கம்பி எதிர்பாராத பாதையில் சுற்றிப்போவதும் இதனால்தான்.

## எல்லைப் பள்ளம்

சிறிய பள்ளம், ஆனால் இதயத்தின் துடிப்பு தொடங்கும் இடம். 1907ல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் இருவரும் கண்டறிந்த எஸ்ஏ கணு, அதாவது துடிப்பைத் தொடங்கும் செல்தொகுதி, இதன் மேல்முனையில், மேற்பெருஞ்சிரை நுழையும் இடத்தில், வெளி உறைக்குச் சற்றே கீழே இருக்கிறது. அதை ஊட்டும் தமனி 100க்கு 60 பேரில் வலது கரோனரியிலிருந்தும் 40 பேரில் சர்க்கம்ஃப்ளெக்ஸிலிருந்தும் வருகிறது. பெருஞ்சிரையின் முன்னாலோ பின்னாலோ, சிலரில் இருபுறமுமோ சுற்றி வரும்.

கணுவைக் கண்ணால் அடையாளம் காண்பது கடினம். ஆகவே பள்ளத்தையே எல்லையாகக் கொள்கிறார்கள். வலது மேலறையைத் திறக்கும் கீறல் எல்லைப் பள்ளத்துக்கு முன்னால், ஏவி பள்ளத்துக்கு இணையாக, அதிலிருந்து 1 முதல் 2 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். மேல்முனையைக் கடக்கக்கூடாது. மேற்பெருஞ்சிரைக்குள் குழாய் வைப்பதும் நாடா கட்டுவதும் சந்தியிலிருந்து சற்று மேலே. கடந்துவிட்டால் அறுவை முடிந்தபின் துடிப்பு மந்தமாகி, சிலருக்கு நிரந்தரப் பேஸ்மேக்கர் தேவைப்படும்.

## மேலறையிடைப் பள்ளம்: சுவர்போலத் தெரியும் மடிப்பு

வாட்டர்ஸ்டன் பள்ளம், சோண்டர்கார்ட் பள்ளம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. கொழுப்பை மெல்லப் பிரித்து உள்ளே போனால் வலது மேலறை விலகி, இடது மேலறையின் சுவர் நேரே தெரியும். வலது நுரையீரல் சிரைகளுக்கு முன்னால் அங்கே கீறினால் ஈரிதழ் வால்வு எதிரே நிற்கும். அந்த வால்வுக்குப் போக அறுவை மருத்துவர்கள் அதிகம் எடுக்கும் வழி இதுவே.

இப்படிப் பிரிக்க முடிவதே ஒரு முக்கிய உண்மையைச் சொல்கிறது. இரு மேலறைகளுக்கும் நடுவில் சுவர் என்று நாம் நினைக்கும் பரப்பில் பெரும்பகுதி சுவரே அன்று. இரண்டு அறைகளின் சுவர்களும் உள்நோக்கி மடிந்து, நடுவில் கொழுப்பை வைத்துக்கொண்டிருக்கும் மடிப்பு. உண்மையான சுவர் நீள்வட்டக் குழி எனப்படும் மெல்லிய பகுதியும் அதன் கீழோரமும்தான். வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குக் கதீட்டர் கொண்டுபோக ஊசியால் துளைக்கும்போது குழிக்குள் துளைத்தால் ஊசி அடுத்த அறைக்குப் போகும். குழிக்கு மேலேயோ பின்னாலேயோ துளைத்தால் மடிப்புக்குள் புகுந்து, இதயத்துக்கு வெளியே போய்விடும். முன்னால் விலகினால் மகாதமனி. ஊசித்துளை மட்டும் என்றால் சமாளிக்க நேரம் கிடைக்கும். அதன் மேல் தடித்த உறைக்குழாயை ஏற்றிவிட்டால் இதய உறைக்குள் இரத்தம் நிரம்பி இதயம் அமுங்கும். எக்கோவில் குழி கூடாரம்போலக் குவிவதைப் பார்த்து, துளைத்தபின் அழுத்த அலை இடது மேலறைக்கு உரியதுதானா என்று உறுதி செய்யாமல் உறைக்குழாயை நகர்த்தக்கூடாது என்பது அதனால்தான்.

இந்த மடிப்பில் கொழுப்பு 2 செ.மீ.க்கு மேல் தடிப்பதும் உண்டு. நீள்வட்டக் குழியை விட்டுவிட்டு மேலும் கீழும் மட்டும் தடிப்பதால் படத்தில் உடற்பயிற்சி டம்பெல்போலத் தெரியும். இது புற்றுக்கட்டி அன்று. பழுப்புக் கொழுப்பு கலந்திருந்தால் பெட் ஸ்கேனில் ஒளிரவும் செய்யும், அதைக் கண்டு பயாப்சிக்குப் போக வேண்டியதில்லை.

## பள்ளத்துக் கொழுப்பும் படங்களும்

எக்கோ அறிக்கையில் "இதயத்தைச் சுற்றி நீர்" என்று வந்து, பின்னர் அது கொழுப்பு என்று திருத்தப்படுவது அரிதன்று. வேறுபடுத்த வழிகள்:

1. படுத்திருப்பவரில் நீர் முதலில் பின்பக்கம் தேங்கும். வலது கீழறைக்கு முன்னால் மட்டும் தெரியும் இடைவெளி பெரும்பாலும் கொழுப்பு.
2. கொழுப்பு இதயத் தசையோடு சேர்ந்து அசையும், உள்ளே புள்ளிப் புள்ளியாக எதிரொலி காட்டும். நீர் வெறுங்கருப்பு.
3. ஐயம் தீராவிட்டால் சிடி. கொழுப்பின் அடர்த்தி சுழியத்துக்குக் கீழே, −190 முதல் −30 ஹவுன்ஸ்ஃபீல்டு (சிடியில் அடர்த்தியை அளக்கும்) அலகுக்குள் இருக்கும். நீர் சுழியத்தை ஒட்டியோ மேலேயோ இருக்கும்.

இதே அளவீட்டை இப்போது வேறொன்றுக்கும் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். தமனிச் சுவரில் அழற்சி இருந்தால் அதைச் சூழ்ந்த பள்ளத்துக் கொழுப்பு செல்களில் கொழுப்புச்சத்து குறைந்து நீர்ச்சத்து கூடுகிறது, அலகு சுழியத்தை நோக்கி நகர்கிறது. தமனியில் அடைப்பே பெரிதாகத் தெரியாதவரிலும், வலது கரோனரியைச் சுற்றிய கொழுப்பு −70 அலகுக்கு மேலே போயிருந்தால் பின்னாளில் இதய மரண அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.